அப்பாவுக்கு ஸ்மார்ட்வாட்ச் வாங்கித் தரலாமா? அதில் வரும் பிரஷரையும் சுகரையும் நம்பலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 64 வயது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை, ஆறு வருடமாகப் பிரஷர், இரண்டுக்கும் மாத்திரை. அப்பாவும் அம்மாவும் ஊரில் இருக்கிறார்கள், நீங்கள் பெங்களூரில். பிரஷர், சுகர், ஈசிஜி, ஆக்சிஜன், தூக்கம் எல்லாவற்றையும் காட்டும் என்று 3,500 ரூபாய் வாட்ச் ஒன்றின் விளம்பரத்தைப் பார்த்திருக்கிறீர்கள். அதை வாங்கித் தரலாமா, கூடவே போனில் எந்த ஆப் போட்டுக் கொடுக்கலாம், அந்த எண்களை இங்கிருந்தே பார்க்க முடியுமா என்று கேட்கிறீர்கள். கேள்வி வாட்சைப் பற்றி இருந்தாலும், உங்கள் மனதில் இருப்பது பெங்களூரில் இருந்துகொண்டு அப்பாவின் உடம்பை எப்படிக் கவனித்துக்கொள்வது என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நான் பொது மருத்துவன். டெல்டா பக்கம் ஒரு சிறிய ஊரில் 23 வருடமாகக் கிளினிக் நடத்துகிறேன். வருபவர்களில் பாதிப் பேருக்கு மேல் சர்க்கரை, பிரஷர்காரர்கள்தான். முன்பெல்லாம் நோட்டை எடுத்து நீட்டுவார்கள், இப்போது கையையும் போனையும் நீட்டுகிறார்கள். அதனால் இந்தக் கருவிகளைப் பற்றிப் படிக்க வேண்டிய கட்டாயம் எனக்கு வந்தது. இதய நோய் நிபுணன் அல்ல, கருவி செய்யும் பொறியாளனும் அல்ல. அந்த எல்லைக்குள் இருந்துதான் சொல்கிறேன்.

நேரான பதில்: அந்த வாட்சை வாங்காதீர்கள். விலை குறைவு என்பதால் இதைச் சொல்லவில்லை, சுகர் காட்டும் என்று போட்டிருப்பதால் சொல்கிறேன். தோலைக் குத்தாமல் ரத்தச் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் வாட்சுகளையும் மோதிரங்களையும் எந்தக் கம்பெனி பெயரில் வந்தாலும் பயன்படுத்தாதீர்கள் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் மக்களை எச்சரித்தது. அப்படி ஒரு கருவிக்குக்கூட அவர்கள் அனுமதி கொடுத்திருக்கவில்லை. தோலுக்கு அடியில் தண்ணீர், கொழுப்பு, புரதம் எல்லாம் கலந்து கிடக்கிற இடத்தில் சர்க்கரையின் தடத்தை மட்டும் வெளிச்சத்தை வைத்துப் பிரித்தெடுப்பது மிகக் கஷ்டமான வேலை. பெரிய கம்பெனிகளே பல வருடமாக அதற்காகப் பாடுபடுகின்றன. அதை 3,500 ரூபாய்க்கு ஒருவர் தருகிறார் என்றால், அந்தத் திரையில் வருவது அளவு அல்ல. அந்த எண்ணைப் பார்த்து அப்பா ஒரு மாத்திரையைக் கூட்டினால் லோ சுகராகி விழலாம், குறைத்தால் சர்க்கரை ஏறலாம்.

இது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். ரேஷன் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய வாட்சைக் கட்டிக்கொண்டு வந்தார். கழுத்து வலி, காலையில் தலை பாரம் என்றார். "பிரஷர் நல்லாத்தான் இருக்கு டாக்டர், தினம் பாக்கறேன்" என்று மணிக்கட்டைக் காட்டினார். 118/76. என் மெஷினில் 174/98. ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி எடுத்தேன், அப்போதும் 170-க்குக் குறையவில்லை. வாட்சைக் கழற்றச் சொல்லி, மேஜைமேல் கிடந்த துண்டைச் சுருட்டி அதில் இறுக்கிக் கட்டி, பட்டனை அழுத்தினேன். ஒரு நிமிடத்தில் அந்தத் துண்டுக்கும் 121/79 என்று வந்தது. பெரியவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம்தான் சொன்னார், நார்மல் காட்டுகிறதே என்று நான்கு மாதமாக ராத்திரி மாத்திரையை நிறுத்தியிருந்தாராம். நல்லவேளை, பக்கவாதம் வருவதற்கு முன் வந்துவிட்டார்.

இந்தக் கருவிகளைப் பற்றி யோசிக்கும்போது நான் எனக்குள் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இது அளக்கிறதா, ஊகிக்கிறதா? வாட்சின் அடிப்பக்கத்தில் பச்சை வெளிச்சம் மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டின் சிறு நாளங்களில் ரத்தம் கூடிக் குறைவதால், திரும்பி வரும் வெளிச்சமும் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடித்துடிப்பு வந்துவிடும். அது அளவு. வாட்சுக்குள் அசைவை உணரும் சின்னச் சில்லு ஒன்றும் இருக்கிறது. கை ஆடும் தாளத்திலிருந்து அடிகளை எண்ணுகிறது. அதுவும் ஓரளவு அளவுதான். பிரஷர், கலோரி, தூக்கத்தின் ஆழம், 'ஸ்ட்ரெஸ் ஸ்கோர்' எல்லாம் இந்த இரண்டிலிருந்தும் கணக்குப் போட்டு ஊகிப்பவை. சில ஊகங்கள் கெட்டிக்காரத்தனமானவை, சில வெறும் அலங்காரம். ஸ்டான்ஃபோர்டில் ஏழு கருவிகளை அறுபது பேருக்குக் கட்டிவிட்டுச் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏழில் ஆறு கருவிகள் நாடித்துடிப்பை ஐந்து சதவீதத்துக்கும் குறைவான பிழையோடு சொல்லின. கலோரியில் மட்டும், இருப்பதிலேயே நல்ல கருவிகூட 27 சதவீதம் தவறியது. மோசமான ஒன்று 93 சதவீதம். ஆகவே வாட்ச் 400 கலோரி எரித்ததாகச் சொல்கிறதே என்று அப்பா ஒரு மைசூர்பாகு எடுத்துக்கொண்டால், அந்தக் கணக்கு நிற்காது.

பிரஷருக்குத் திரும்ப வருகிறேன், உங்கள் அப்பா விஷயத்தில் அதுதான் பெரிய விஷயம். போன் கேமராவில் விரலை வைத்தால் பிரஷர் சொல்லும் என்று ஆப்கள் உண்டு. அமெரிக்காவில் 2014-15-இல் அப்படி ஓர் ஆப் ஒரு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர்கள் அதைச் சோதித்தபோது, பிரஷர் அதிகமாக இருந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் அளவுக்கு நார்மல் என்று காட்டியது தெரிய வந்தது. அப்புறம் அந்த நாட்டு வர்த்தக ஆணையம் அதன் மேல் நடவடிக்கை எடுத்தது. அந்த ஆப் போய்விட்டாலும், அதே மாதிரி இன்னும் பல இருக்கின்றன. விரல் வைக்கச் சொல்லும் பிரஷர் ஆப் எதையும் அப்பாவின் போனில் போடாதீர்கள். நல்ல கம்பெனி வாட்சுகளிலும் பிரஷர் வசதி வருகிறது. அதில் ஒருவகை, நான்கு வாரத்துக்கு ஒருமுறை கையில் சுற்றும் சாதாரண பிரஷர் மெஷினோடு ஒத்துப்பார்த்துச் சரிசெய்துகொண்டால்தான் வேலை செய்யும். அதாவது வாட்ச் வாங்கினாலும் மெஷின் வேண்டும். இறுக்கும் பட்டை இல்லாத இந்தக் கருவிகளை நம்பி நோயைத் தீர்மானிக்கவோ மருந்தை மாற்றவோ வேண்டாம் என்பதுதான் ஐரோப்பிய உயர் ரத்த அழுத்தச் சங்கத்தின் நிலை. அந்தத் துறை வேகமாக மாறிவருகிறது, ஐந்து வருடம் கழித்து நானே வேறு மாதிரி எழுதலாம். இன்றைக்கு இதுதான்.

அதனால் முதல் செலவு, மேல்கையில் பட்டை சுற்றும் பிரஷர் மெஷினுக்கு. இரண்டாயிரம் ரூபாயிலிருந்து நல்லதாகவே கிடைக்கிறது. மணிக்கட்டில் கட்டும் மெஷின் வேண்டாம், கை கொஞ்சம் மேலே கீழே போனாலும் எண் மாறிவிடும். வாங்குவதற்கு முன் அந்த மாடல் சோதித்துச் சரிபார்க்கப்பட்டதா என்று 'ஸ்ட்ரைட் பிபி' என்ற தளத்தில் பார்க்கலாம், இலவசம்தான். பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று பட்டையின் அளவு. அப்பாவின் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் ஒரு நூலைச் சுற்றி அளந்து, பெட்டியில் போட்டிருக்கும் சென்டிமீட்டருக்குள் வருகிறதா என்று பாருங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் இல்லாத பிரஷர் இருப்பதாகக் காட்டும்.

எடுக்கும் முறையில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வாசலிலிருந்து வந்த கையோடு எடுப்பார்கள், எடுத்துக்கொண்டே டிவி பார்ப்பார்கள், சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றுவார்கள். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால், முதுகு சாய நாற்காலியில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். பாதம் இரண்டும் தரையில், கால்மேல் கால் கூடாது. கையை மேஜைமேல் வைத்து, பட்டை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். எடுக்கும்போது பேசக் கூடாது, அம்மாவும் பக்கத்தில் நின்று எதுவும் கேட்கக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதிவையுங்கள். சாயந்திரமும் இதேபோல. இப்படி ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மீதி ஆறு நாளின் சராசரியைப் பார்த்தால் அதுதான் அப்பாவின் பிரஷர். வீட்டில் எடுக்கும்போது சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அதிகம் என்று கணக்கு. ஒருநாள் 150 வந்ததற்காக யாரும் பதறவேண்டாம். 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போவது, பார்வை மங்குவது இதில் ஏதாவது இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. ஏழு நாள் எடுத்த இந்த நோட்டுத் தாள், ஒரு வருட வாட்ச் கிராஃபைவிட எனக்குப் பயன்படுகிறது.

இரண்டாவது, சர்க்கரை. மாத்திரையில் மட்டும் இருக்கிறார் என்று சொல்கிறீர்கள். அப்படியென்றால் விரல் குத்தும் மெஷின் போதும். ஒரு ஸ்ட்ரிப் இருபது ரூபாய் சுற்றுவட்டத்தில் வரும். தினமும் குத்தத் தேவையில்லை, வாரத்தில் இரண்டு மூன்று தடவை நேரத்தை மாற்றி மாற்றி எடுக்கலாம், மயக்கம் மாதிரி தோன்றும்போது கட்டாயம் எடுக்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்தச் சொல்லுங்கள். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் பழத்தின் சர்க்கரையைச் சேர்த்துக் காட்டும். இந்த மெஷின்களுக்குச் சர்வதேசத் தரமே 100-க்கு மேல் 15 சதவீதம் முன்பின் அனுமதிக்கிறது. லேபில் 200 என்றும் வீட்டில் 180 என்றும் வந்தால் மெஷின் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

கையில் ஒட்டும் சென்சார் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், சிஜிஎம் என்கிறார்கள். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. மெல்லிய இழை ஒன்று தோலுக்கு அடியில் இருக்கும், இரண்டு வாரம் வரை இரவும் பகலும் சர்க்கரையை எழுதிக்கொண்டே இருக்கும். இதை நான் 'அளக்கிறது' பக்கம்தான் வைப்பேன், ஒரு திருத்தத்தோடு. அது பார்ப்பது ரத்தத்தை அல்ல, செல்களுக்கு நடுவில் இருக்கும் நீரை. அதனால் ரத்தத்தில் ஏறுவது ஐந்து முதல் பதினைந்து நிமிடம் தாமதமாகத்தான் அதில் தெரியும். இன்சுலின் போடுபவர்களுக்கு இது பெரிய வரம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாத்திரைக்காரர்களுக்கு எப்போதும் தேவைப்படாது. ஆனால் எப்போதாவது ஒரு இரண்டு வாரம் ஒட்டிப் பார்ப்பதால் கண் திறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தையல் வேலை செய்யும் அம்மா ஒருவருக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (ஹெச்பிஏ1சி) எப்போதும் 8.5-க்குக் கீழே இறங்கவில்லை. மதியச் சோற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டார், ஆனாலும் இறங்கவில்லை. சென்சார் ஒட்டிப் பார்த்தால், மதியம் மேடு மாதிரி ஏறி இறங்குகிற கோடு, சாயந்திரம் நாலரைக்குத் தென்னை மரம் மாதிரி நட்டுக்கொண்டு நிற்கிறது. பதினான்கு நாளும் அதே இடத்தில். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். தையல் மெஷினை விட்டு எழுந்து, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயும் நான்கு பொறையும். "அது சாப்பாடு இல்லையே டாக்டர்" என்றார். நான் மருந்தை மாற்றவில்லை. டீயில் சர்க்கரையை விட்டார், பொறைக்குப் பதில் சுண்டல். நான்கு மாதம் கழித்து 7.3. அவருக்கு இருபது வருடமாக எல்லாரும் சொல்லிப் புரியாததை அந்தக் கோடு புரியவைத்தது. இன்னொன்று, அதே சென்சாரில் விடியற்காலை இரண்டு மணிக்கு லோ சுகர் என்று மூன்று நாள் அலாரம் அடித்தது. அந்தக் கைமேல் ஒருக்களித்துப் படுத்தால் சென்சார் அழுந்திப் பொய்யாகக் குறைவு காட்டும். விரல் குத்திப் பார்த்ததில் 112. சென்சாருக்கும் உடம்புக்கும் ஒத்துவராத சமயத்தில் விரலைக் குத்திப் பாருங்கள்.

இப்போது வாட்ச். மெஷின் இரண்டும் வாங்கிய பிறகு பணம் மிச்சமிருந்து, அப்பாவுக்கும் ஆசை இருந்தால், பெயர் தெரிந்த கம்பெனி வாட்சாக ஒன்று வாங்கலாம். அதில் எனக்கு மதிப்பு உள்ள வசதி, நாடித் துடிப்பின் ஒழுங்கைக் கவனிப்பது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று ஒரு கோளாறு உண்டு. இதயத்தின் மேல் அறைகள் தாளம் தப்பித் துடிக்கும், அங்கே ரத்தம் தேங்கிக் கட்டி உண்டாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். வயது, பிரஷர், சர்க்கரை மூன்றும் இருப்பவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம், பல பேருக்கு அது இருப்பதே தெரியாது. ஆப்பிள் வாட்சை வைத்து நடந்த ஆய்வில் 4,19,297 பேர் சேர்ந்தார்கள், முடிவு 2019-இல் வந்தது. ஒழுங்கற்ற துடிப்பு என்று எச்சரிக்கை வந்தது 0.52 சதவீதம் பேருக்குத்தான். வாட்ச் எச்சரித்த அதே நேரத்தில் நெஞ்சில் ஈசிஜி பட்டையும் ஒட்டியிருந்தவர்களில் 84 சதவீத எச்சரிக்கைகள் சரியாக இருந்தன. ஆகவே எச்சரிக்கை வந்தால் தட்டிக்கழிக்காமல் டாக்டரிடம் போய் முழு ஈசிஜி எடுக்க வேண்டும். எச்சரிக்கை வரவில்லை என்பதால் கோளாறு இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இப்படி வாட்ச் மூலம் கண்டுபிடித்து வைத்தியம் செய்வதால் கடைசியில் பக்கவாதம் எவ்வளவு குறைகிறது என்பது இன்னும் தீராத கேள்வி.

வாட்ச் ஈசிஜி பற்றி ஒன்றை மட்டும் அப்பாவிடமும் அம்மாவிடமும் திரும்பத் திரும்பச் சொல்லிவிடுங்கள். ஆஸ்பத்திரியில் எடுப்பது பன்னிரண்டு கோணத்தில் இதயத்தைப் பார்க்கிறது. வாட்ச் பார்ப்பது ஒரே ஒரு கோணத்தில். அதனால் மாரடைப்பைக் கண்டுபிடிக்க முடியாது, இதைத் தயாரிப்பவர்களே எழுதிப் போட்டிருக்கிறார்கள். நெஞ்சில் இறுக்கம், இடது கை வலி, குப்பென்று வியர்வை, தாடை வலி வந்தால் வாட்சைத் தொடவே கூடாது, 108-ஐத் தொடர்பு கொள்ள வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சு வாங்கலோடும் மாரடைப்பு வரும் என்பதையும் அம்மா தெரிந்து வைத்திருக்கட்டும். அந்த நேரத்தில் திரையில் 'இயல்பான தாளம்' என்று வந்ததைப் பார்த்து ஒரு மணி நேரம் வீணானால், அந்த ஒரு மணி நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

ஆக்சிஜன் அளவுக்கு வாட்ச் வேண்டாம். கொரோனா சமயத்தில் வாங்கிய விரல் மெஷின் வீட்டில் கிடந்தால் அது மேல். அதிலும் நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தோல் நிறம் கறுப்பாக இருந்தால் இந்த மெஷின் உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். 2020 டிசம்பரில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மெஷின் நன்றாக இருப்பதாகக் காட்டியும் உள்ளே ஆக்சிஜன் குறைந்திருந்தவர்கள் வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவர்களில் 11.7 சதவீதம். மூச்சு வாங்குகிறது என்று அப்பா சொன்னால், மெஷின் 96 காட்டினாலும் அப்பா சொல்வதை நம்புங்கள்.

தூக்கக் கணக்கைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எத்தனை மணிக்குப் படுத்தார், எழுந்தார் என்பது ஓரளவு சரியாக வரும். ஆழ்ந்த தூக்கம் எவ்வளவு என்பதைச் சொல்ல மூளை அலையைப் பார்க்க வேண்டும், மணிக்கட்டில் அது இல்லை. ஸ்கோர் குறைந்ததே என்று கவலைப்பட்டே தூக்கம் கெட்டவர்கள் இருக்கிறார்கள், அதற்கு 'ஆர்த்தோசோம்னியா' என்று 2017-இல் பெயரே வைத்துவிட்டார்கள்.

நடைதான் வாட்சின் உண்மையான பயன். பத்தாயிரம் அடி என்ற எண்ணைப் பார்த்து அப்பா மலைத்துவிட வேண்டாம். அது மருத்துவத்தில் பிறந்த எண் அல்ல. டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அடுத்த வருடம், 1965-இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடிமானி ஒன்றுக்கு 'மான்போ-கெய்' என்று பெயர் வைத்தார்கள், பத்தாயிரம் அடி மீட்டர் என்று அர்த்தம். அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவிவிட்டது. சராசரியாக 72 வயதான அமெரிக்கப் பெண்கள் சுமார் 17,000 பேரை வைத்துச் செய்து 2019-இல் வெளிவந்த ஆய்வில், தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. அது பெண்களை மட்டும் வைத்த ஆய்வு, நடந்ததால் நன்றாக இருந்தார்களா, நன்றாக இருந்ததால் நடந்தார்களா என்பதையும் அதில் முழுக்கப் பிரிக்க முடியாது. ஆனாலும் வழி காட்டுகிறது. முதல் வாரம் அப்பா வழக்கமாக எவ்வளவு நடக்கிறார் என்று மட்டும் பாருங்கள். 2,500 என்றால் அடுத்த மாதம் 3,500 போதும். சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் ஒரு நடை போனால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏறுவது குறையும், இதை அவரே மெஷினில் குத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பன்னிரண்டு வருடச் சர்க்கரை என்பதால், நடையைக் கூட்டுவதற்கு முன் பாதத்தைப் பாருங்கள். மரத்துப்போயிருக்கிறதா, விரலிடுக்கில் புண் இருக்கிறதா, செருப்பு உரசுகிறதா. அதை எந்த வாட்சும் சொல்லாது. இந்த அடிக் கணக்கை மட்டும் பார்ப்பதற்குச் சட்டைப் பையில் இருக்கும் போனே போதும்.

எந்த ஆப் என்று கேட்டிருந்தீர்கள். பெயர் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆறு மாதத்தில் கை மாறுகின்றன, இலவசமாக இருந்தது சந்தா கேட்கிறது. எது வேலை செய்கிறது என்று சொல்கிறேன். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. சர்க்கரை வரும் தறுவாயில் இருந்த, வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேர். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். மறு பாதிக்கு அதோடு சாப்பாடு, நடை பற்றி அடிக்கடி போனில் எஸ்எம்எஸ். இரண்டு வருட முடிவில் அறிவுரை மட்டும் கேட்டவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது, எஸ்எம்எஸ் போனவர்களில் 18 சதவீதம். 2013-இல் வந்த முடிவு. ஆப் இல்லை, வாட்ச் இல்லை, சாதாரண எஸ்எம்எஸ். இதற்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் எடை குறைக்க முயன்ற 471 இளைஞர்களில் ஒரு சாராருக்கு உடலில் அணியும் கருவி கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் அவர்கள் 3.5 கிலோ குறைந்தார்கள், கருவி இல்லாமல் வழக்கமான முறையில் தொடர்ந்தவர்கள் 5.9 கிலோ குறைந்தார்கள். கருவி கெடுதல் செய்தது என்று இதற்கு அர்த்தம் சொல்ல மாட்டேன். தனக்குப் புரிகிற ஒரு சொல் சரியான நேரத்தில் வந்தால் மனிதர்கள் நகர்கிறார்கள், வெறும் எண் எல்லாரையும் நகர்த்துவதில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஆகவே அப்பாவின் போனில் காலை மாத்திரைக்கும் இரவு மாத்திரைக்கும் அலாரம் வையுங்கள், முடிந்தால் உங்கள் குரலையே பதிவு செய்து வையுங்கள். சாப்பாட்டுக் கலோரி ஆப் வேண்டாம். இரண்டு இட்லி என்று குறித்தால் அது ஒரு எண் சொல்லும், ஆனால் உங்கள் அம்மா ஊற்றுகிற கரண்டியின் அளவும் தாளிப்பில் விட்ட எண்ணெயும் அதற்குத் தெரியாது. அதற்குப் பதில் ஒரு வாரம் மூன்று வேளைத் தட்டையும் சாயந்திர டீயையும் போட்டோ எடுத்து டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டு, லேப் ரிப்போர்ட் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஒரே இடத்தில் வையுங்கள். அரசு தரும் 14 இலக்கச் சுகாதாரக் கணக்கு எண்ணை (ஆபா) எடுத்துக்கொண்டால் அதோடு இணைந்த ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகள் அதில் சேரும், எல்லா இடமும் இன்னும் இணையவில்லை என்பதால் போட்டோவைக் கைவிட வேண்டாம்.

எண்களைப் பெங்களூரில் இருந்தே பார்க்கலாமா என்றால், பார்க்கலாம். புளூடூத் உள்ள மெஷின்கள் போனுக்கு அனுப்பும், அங்கிருந்து உங்களுக்கு வரும். ஆனால் முதலில் அப்பாவிடம் கேளுங்கள். அது அவருடைய உடம்பு. ஒரு மகள் அப்பாவுக்கு ஒவ்வொரு எண் வரும்போதும் போன் போட்டு "ஏம்ப்பா கூடியிருக்கு, என்ன சாப்பிட்டே" என்று கேட்டார். மூன்றாவது வாரம் அவர் மெஷினை பீரோவில் வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பதாக இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். எந்த எண் வந்தால் அன்றைக்கே போன் செய்ய வேண்டும் என்பதை அவருடைய டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ்மேல் ஒட்டிவிடுங்கள். சுகர் 70-க்குக் கீழே போனால் போன் எல்லாம் அப்புறம், முதலில் மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். ஆப் கேட்கும் அனுமதிகளையும் கவனியுங்கள். பிரஷர் குறித்துவைக்கும் ஆப்புக்கு உங்கள் தொடர்பு எண்கள் எதற்கு? 2021-இல் அமெரிக்காவில் பெண்களின் மாதவிடாய்க் கணக்கு வைக்கும் பிரபலமான ஆப் ஒன்று, உள்ளே குறித்த விஷயங்களை வெளிக் கம்பெனிகளுக்குக் கொடுத்ததாக நடவடிக்கைக்கு உள்ளானது. நம் நாட்டிலும் தனிநபர் தரவுக்கு 2023-இல் சட்டம் வந்திருக்கிறது, ஆனாலும் கொடுக்காத தகவல்தான் வெளியே போகாது.

அப்பா இருப்பது தமிழ்நாட்டு ஊர் என்பதால் இன்னொன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டத்தில் தன்னார்வலர் பெண்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மா போய் அப்பாவின் பெயரைக் கொடுத்தால் போதும். வாரம் முழுக்க நீங்கள் திரையில் பார்ப்பதைவிட, அப்பாவின் முகத்தை நேரில் பார்க்கிற அந்தத் தன்னார்வலருக்கு முதலில் தெரிந்துவிடும், கால் வீங்கியிருக்கிறதா, நடை தள்ளாடுகிறதா என்று.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மெஷினைக் கூரியரில் அனுப்பாமல் கையோடு எடுத்துப் போங்கள். முதல் நாள் காலையில் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையிலும் எடுத்துப் பாருங்கள். எந்தக் கையில் அதிகம் வருகிறதோ அந்தக் கையிலேயே இனி எடுக்கச் சொல்லி மெஷின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். அம்மாவையும் எடுக்கப் பழக்குங்கள், அப்படியே அம்மாவுக்கும் ஒருமுறை எடுங்கள். அப்புறம் அந்த மெஷினையே எடுத்துக்கொண்டு அவர்களுடைய டாக்டரிடம் போய், அவர் மெஷினோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவின் மேல்கைச் சுற்றளவையும், இப்போது சாப்பிடும் மாத்திரைப் பெயர்களையும் இங்கே எழுதினால், எந்த அளவுப் பட்டை வாங்குவது, அந்த மாத்திரைகளில் லோ சுகர் உண்டாக்கக் கூடியது ஏதும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.